எடை, சுகர், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசும்போது, கட்டியைப் பற்றிக் கேட்டு முடித்ததும் பேச்சு எப்படியும் எடைக்கும் சுகருக்கும் வந்துவிடுகிறது. அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

அடிப்படையிலிருந்தே சொல்லுங்க. சிறுநீர்ப்பை கேன்சர்னா எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. சிறுநீர்ப்பையின் உட்புறத்தில், சிறுநீர் நேரடியாகப் படும் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. பத்தில் ஒன்பது கட்டிகள் அங்கேதான் தொடங்குகின்றன. கட்டி அந்த அடுக்கிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ நின்றுவிட்டால் அது தசைக்குள் இறங்காத வகை. பையின் தசைச்சுவருக்குள் புகுந்துவிட்டால் தசைக்குள் இறங்கிய வகை. நான்கில் மூன்று பேருக்கு நோய் முதல் வகையில் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது.

முதல் வகைக்கு, சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். தேவைப்பட்டால் பைக்குள்ளேயே பிசிஜி மருந்தை விடுவார்கள். உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் திரும்பத் திரும்ப முளைக்கும் குணம் இதற்கு உண்டு. இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் கீமோ கொடுத்துவிட்டு, பையையே அகற்றும் பெரிய ஆபரேஷன் செய்வார்கள். சிலருக்குப் பையை வைத்துக்கொண்டே கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. எடையும் சுகரும் இந்த இரண்டு வகையிலும் வேறு வேறு விதமாகக் குறுக்கிடுகின்றன. அதனால் முதலில் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

குண்டா இருந்தா இந்த கேன்சர் வருமா?

கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு, ஆனால் பெரிய அளவில் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் 10 சதவீதம் அதிகம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2016 இல் அதிகக் கொழுப்போடு தெளிவான தொடர்புள்ள 13 புற்றுநோய்களைப் பட்டியலிட்டது. கருப்பை, சிறுநீரகம், பெருங்குடல் எல்லாம் அதில் இருந்தன. சிறுநீர்ப்பை இல்லை.

இந்த நோய்க்குப் பெரிய காரணம் புகை. ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்கு நோய் வரக் காரணமே புகையிலைதான். அதனால் 'நான் குண்டாக இருந்ததால்தான் வந்தது' என்று யாராவது தன்னையே நொந்துகொண்டால், அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் சொல்வேன். நோய் வந்த பிறகு சிகிச்சை எப்படிப் போகிறது என்பதில்தான் எடையும் சுகரும் அதிகம் விளையாடுகின்றன.

எனக்கு பிஎம்ஐ 26. நான் குண்டா, இல்லையா?

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்குதான் பிஎம்ஐ. பொதுவான அளவுகோலில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன். ஆசிய வம்சாவளியினருக்குக் குறைந்த எடையிலேயே சுகரும் இதய நோயும் வருவதால் 23, 27.5 என்ற எல்லைகளை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு முன்வைத்தது.

இந்த நோயைப் பொறுத்தவரை அந்த ஒற்றை எண்ணை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு என்ற ஐந்தையும் பாருங்கள். சுற்றளவு அதிகம், அழுத்தம் 130/85 அல்லது மேல், சர்க்கரை 100 அல்லது மேல், ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல், நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ். இவற்றில் மூன்று இருந்தால் அதை 'வளர்சிதை மாற்றக் கோளாறு' என்கிறார்கள். பிஎம்ஐ 24 இருந்தும் இந்த மூன்றும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். 31 இருந்தும் ஒன்றுகூட இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

தொப்பையில இருக்கிற கொழுப்புக்கும் மூத்திரப் பைக்கும் என்ன சம்பந்தம்?

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, ஒரு சுரப்பி மாதிரி வேலை செய்கிறது. அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. கொழுப்பு சுரக்கும் ஹார்மோன்களில் லெப்டின் கூடுகிறது, அழற்சியைத் தணிக்கும் அடிபோனெக்டின் குறைகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடல் அதை அதிகமாகச் சுரக்கிறது. இன்சுலினும் அதை ஒத்த வளர்ச்சிக் காரணிகளும் செல்களைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைகள்.

சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னொன்றும் சேர்கிறது. சிறுநீரில் சர்க்கரை இறங்கி, தொற்று அடிக்கடி வருகிறது, பையின் நரம்புகளும் மந்தமாகின்றன. ஆய்வகத்தில் இதெல்லாம் அழகாகப் பொருந்தி வருகிறது. மனிதர்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில்தான் இன்னும் விவாதம் நடக்கிறது.

சிறுநீரில் ரத்தம் வந்தது. சுகர் இருக்கிறதால இன்ஃபெக்‌ஷன்தான்னு மாத்திரை கொடுத்தாங்க. அது சரிதானே?

கல்ச்சர் பரிசோதனையில் கிருமி தெரிந்து, மருந்துக்குப் பிறகு ரத்தமும் முழுக்கப் போய்விட்டதா என்று மறுபடி பார்த்திருந்தால் சரி. பார்க்காமல் விட்டிருந்தால் சரியில்லை. சுகர் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இந்த நோய் தாமதமாகத் தெரியவர இது ஒரு முக்கியக் காரணம். ரத்தம் வருவதை ஒவ்வொரு முறையும் தொற்றின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

வலியில்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் வந்தால், அது ஒரே ஒரு முறை வந்து நின்றிருந்தாலும், ஸ்கோப் (சிறுநீர்த் துவாரம் வழியாக விடும் கேமராக் குழாய்) போட்டுப் பார்க்க வேண்டும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு அல்ட்ராசவுண்டு படம் அவ்வளவு தெளிவாக விழாது. எனவே 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்பதோடு நின்றுவிடாதீர்கள்.

கட்டியைச் சுரண்டி எடுத்தாச்சு. எடை அதிகமா இருக்கிறதால திரும்ப வருமா?

தசைக்குள் இறங்காத வகையில், பருமனும் சுகரும் உள்ளவர்களுக்குக் கட்டி திரும்ப வருவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உயர் தர (செல்கள் மிகவும் மாறி, வேகமாக வளரும்) டி1 (உள் அடுக்குக்குக் கீழே இறங்கி, தசையைத் தொடாத) கட்டி உள்ளவர்களைப் பின்தொடர்ந்து 2013 இல் வெளியான ஆய்வு ஒன்றில், பருமனாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும், ஆழமாக இறங்குவதும், அதனால் இறப்பதும் அதிகமாக இருந்தன. ஆனால் இவை எல்லாம் பின்னோக்கிப் பார்த்துச் செய்த ஆய்வுகள். எடையைக் குறைத்தால் கட்டி திரும்புவது குறையும் என்று அவற்றை வைத்து நிரூபிக்க முடியாது.

நடைமுறையில், திரும்ப வருமா என்பதைக் கட்டியின் தரம், அளவு, எத்தனை இருந்தன, முன்பு வந்திருக்கிறதா என்பவைதான் முதலில் தீர்மானிக்கின்றன. எடையும் சுகரும் அதற்குப் பிறகுதான். அதனால் ஸ்கோப் பரிசோதனைக்குக் குறித்த தேதியைத் தவறவிடாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எடை குறைப்பதில் மும்முரமாக இறங்கிவிட்டு ஸ்கோப்பைத் தள்ளிப்போடுபவர்களைக் கண்டால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

சுகர் இருக்கிறவங்களுக்கு பிசிஜி போடலாமா?

போடலாம். 1976 இல் முதன்முதலாக இந்த நோய்க்குப் பயன்பட்டதாக அறிவிக்கப்பட்ட மருந்து அது. இன்றும் உயர் தரக் கட்டிகளுக்கு அதுதான் முதல் தேர்வு. வாரம் ஒன்றாக ஆறு வாரம், அப்புறம் இடைவெளி விட்டு ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை. உயிருள்ள, ஆனால் வலுவிழந்த பாக்டீரியா என்பதால், அறிகுறியுள்ள சிறுநீர்த் தொற்றோ கண்ணுக்குத் தெரியும் ரத்தமோ இருக்கும் நாளில் போடக் கூடாது. சுகர் எகிறிக்கிடந்தால் இந்தத் தொற்று அடிக்கடி வந்து தவணைகள் தள்ளிப்போகும். சுகரைக் கட்டுக்குள் வைக்கச் சொல்வது அதனால்தான்.

கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரை பிசிஜியின் வேலையைக் கெடுக்கும் என்று 2006 இல் ஒரு பேச்சு கிளம்பியது. பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இதயத்துக்காகச் சாப்பிடும் ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

குண்டா இருக்கிறவங்கதான் கேன்சர் வந்தா அதிக நாள் இருக்காங்கன்னு படிச்சேன். நிஜமா?

இரண்டு பக்கமும் ஆய்வுகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை அகற்றப்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2013 இல் வந்த ஆய்வில், பிஎம்ஐ 30க்கு மேல் உள்ளவர்களுக்கு முடிவுகள் மோசமாக இருந்தன. வேறு சில ஆய்வுகளில், அதிக எடை உள்ளவர்கள் ஒல்லியானவர்களைவிட நன்றாக இருந்தார்கள். இரண்டாவதைத்தான் பத்திரிகைகள் 'பருமன் முரண்' என்று தலைப்புப் போட்டு எழுதுகின்றன.

அந்த முடிவை அப்படியே நம்புவதற்கு முன் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். முற்றிய நோய் எடையைக் கரைக்கும். அதனால் கண்டுபிடிக்கும் நேரத்தில் ஒல்லியாக இருந்தவர்களில் ஒரு பகுதியினர், நோய் அதிகமானதால் ஒல்லியானவர்கள். தொடர்ந்து புகைப்பவர்கள் சராசரியாக எடை குறைவாக இருப்பார்கள், அவர்களுடைய நுரையீரலும் இதயமும் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். பெரிய ஆபரேஷனுக்கு டாக்டர்கள் தேர்ந்தெடுக்கும் பருமனானவர்கள், பருமனானவர்களிலேயே ஆரோக்கியமானவர்கள். கடைசியாக, பிஎம்ஐக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். 85 கிலோவில் எத்தனை கிலோ தசை என்று அதற்குத் தெரியாது.

என் கணிப்பில், ஒல்லியானவர்களைவிட நன்றாக இருந்தவர்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் அவர்களிடம் மிச்சமிருந்த தசை. அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

நான் ஒல்லியாதான் இருக்கேன். அப்போ எனக்கு இந்தக் கவலை இல்லைதானே?

தசை குறைந்திருந்தால் உங்களுக்குத்தான் அதிகக் கவலை. சிடி ஸ்கேனில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்து, உடலில் மொத்தம் எவ்வளவு தசை இருக்கிறது என்று கணிக்கிறார்கள். எப்படியும் எடுக்கும் ஸ்கேன்தான், தனிச் செலவு இல்லை. மேயோ கிளினிக்கில் சிறுநீர்ப்பை அகற்றப்பட்டவர்களை வைத்து 2014 இல் வெளியான ஆய்வில், தசை குறைந்தவர்களில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம், தசை போதுமான அளவு இருந்தவர்களில் 70 சதவீதம். ஒரே நோய், ஒரே ஆபரேஷன், ஆனால் இவ்வளவு வித்தியாசம். வயதும் மற்ற நோய்களும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கும். இருந்தாலும் அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் தசைக் குறைவு தனியாக நின்றது.

எல்லோரையும்விடச் சிக்கலானவர்கள், தொப்பையும் இருந்து தசையும் கரைந்தவர்கள். பார்த்தால் 'நல்ல உடம்பு' என்பார்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க முடியாது, மாடிப்படி ஏறுவது கஷ்டம். வயதானவர்களில், முக்கியமாக நீண்ட நாள் சுகர் உள்ளவர்களில், இது நிறைய.

பையையே எடுக்கணும்கிறாங்க. அப்பாவுக்கு 105 கிலோ. ஆபரேஷன் தாங்குவாரா?

எடையை மட்டும் காரணம் காட்டி ஆபரேஷன் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. எல்லோருக்குமே கடினமான ஆபரேஷன் இது. பெரிய மருத்துவமனைகளிலேயே பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் 90 நாளில் சிறிதோ பெரிதோ ஏதாவது ஒரு சிக்கல் வருகிறது. பருமனாக இருந்தால் நேரம் அதிகமாகும், ரத்த இழப்பு கூடும், தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிப்பதும் பிரிவதும் அதிகம், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் கூடும். ரோபோ உதவியோடு செய்தால் காயம் சிறியது. ஆனால் தலையைத் தாழ்த்தி நீண்ட நேரம் படுக்க வைப்பதால் கனத்த உடலில் மூச்சுக்கு நெருக்கடி உண்டு.

கேட்க வேண்டியவை இவை. தூக்கத்தில் சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று போகிறதா? அப்படியானால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு? எட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி வீட்டுக்குப் போன பிறகும் உண்டா? பொதுவாக நான்கு வாரம் வரை பரிந்துரைக்கிறார்கள். அந்த மருத்துவமனையில் வருடத்துக்கு இப்படி எத்தனை ஆபரேஷன் நடக்கிறது? அதிகம் செய்யும் இடத்தில் முடிவுகள் நன்றாக இருக்கின்றன, கனத்த உடம்புக்கு அது இன்னும் முக்கியம்.

அப்போ ஆபரேஷனுக்கு முன்னாடி பத்து கிலோ குறைச்சிட்டு வரட்டுமா?

வேண்டாம். மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் ஆறு மாதம் தள்ளிப்போட்டு எடை குறைக்கச் சொல்லலாம். தசைக்குள் இறங்கிய நோயில், கீமோ இல்லாமல் நேரே ஆபரேஷன் என்றால், கண்டுபிடித்து மூன்று மாதத்துக்கு மேல் ஆபரேஷன் தள்ளிப்போனால் முடிவு மோசமாகிறது. பட்டினி கிடந்து அவசரமாகக் குறைக்கும் எடையில் தசையும் போகும், அதன் விலை என்ன என்று மேலே பார்த்தோம்.

இருக்கும் வாரங்களில் செய்யக்கூடியது வேறு. புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு), தினமும் நடை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, சுகரைக் கட்டுப்படுத்துவது, புகையை நிறுத்துவது. ஆபரேஷனுக்கு முன் கீமோ இருந்தால் அந்த மூன்று மாதத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். இதில் எடை ஒரு கிலோகூடக் குறையாமல் போகலாம், பரவாயில்லை.

வெளியே பை மாட்டணுமா, உள்ளேயே புதுப் பை வைக்கலாமா? எடை இதை முடிவு பண்ணுமா?

ஓரளவு. குடலின் ஒரு துண்டை எடுத்து வயிற்றில் துளை வைத்து வெளியே பை மாட்டுவது ஒரு வழி. அதே குடலைக் கொண்டு உள்ளேயே புதிய பை செய்து சிறுநீர்க் குழாயோடு இணைப்பது இன்னொரு வழி. வயிற்றுச் சுவர் தடிமனாக இருந்தால் முதல் வழி சிரமம். குடலை இழுத்து வெளியே கொண்டுவருவது கஷ்டம், துளை உள்ளே அமுங்கிப்போகும், பக்கத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பும் அதிகம். அதனால் பருமனானவர்களுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், உள்ளே வைக்கும் பையை விரும்பும் டாக்டர்களும் உண்டு.

வெளியே வைப்பது என்று முடிவானால், ஆபரேஷனுக்கு முன்பே உட்கார வைத்து, நிற்க வைத்து, படுக்க வைத்து இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். தொப்பைக்குக் கீழே வைத்துவிட்டால் அவரால் அதைக் குனிந்து பார்க்கவே முடியாது. வயிற்றின் மேல்பகுதியில் சுவர் மெல்லியது, பெரும்பாலும் அங்கே வைப்பதுதான் நல்லது.

கீமோ மருந்தை எடைக்கு ஏத்தபடிதானே கொடுப்பாங்க? குண்டா இருந்தா ஓவர்டோஸ் ஆகாதா?

இந்தப் பயத்தில் முன்பு பல டாக்டர்கள் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். பருமனாக இருந்தாலும் உண்மையான எடையை வைத்துக் கணக்கிட்ட முழு அளவையே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2012 இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2021 இல் அதைப் புதுப்பித்தது. முழு அளவு கொடுத்ததால் அவர்களுக்குப் பக்கவிளைவு அதிகம் வரவில்லை. குறைத்துக் கொடுத்தால்தான் பலன் குறையும்.

உண்மையான சிக்கல் சிறுநீரகத்தில் இருக்கிறது. இந்த நோய்க்கு அடிப்படைக் கீமோ மருந்து சிஸ்பிளாட்டின். சிறுநீரகம் நிமிடத்துக்கு 60 மில்லி வடிகட்டும் திறனோடு இருந்தால்தான் அதைத் தயங்காமல் கொடுக்கலாம். சில இடங்களில் 50 வரை ஏற்கிறார்கள். காது மந்தமாகியிருந்தாலோ, கை கால் நரம்பு பாதித்திருந்தாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ கொடுக்க முடியாது. இந்தப் பட்டியலைச் சுகரும் பிரஷரும் செய்யும் சேதங்களின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். பத்து வருடம் கவனிக்காமல் விட்ட சுகர், கட்டியைத் தொடாமலேயே, நல்ல சிகிச்சை ஒன்றைக் கைக்கெட்டாமல் செய்துவிடுகிறது. இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இந்தப் பத்தியைப் படியுங்கள்.

வாந்தி வராமலிருக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சுகரை ஏற்றும். அந்த நாட்களில் வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகர் மாத்திரையே சிறுநீர்ப்பை கேன்சரை வரவைக்கும்னு சொல்றாங்களே?

ஒரு மருந்தைப் பற்றி அப்படி ஓர் எச்சரிக்கை உண்மையிலேயே இருக்கிறது. அது பயோகிளிட்டசோன். ஒரு வருடத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 இல் அறிவித்தது. அதே வருடம் பிரான்ஸ் அதன் பயன்பாட்டை நிறுத்தியது. இந்த நோய் இப்போது உள்ளவர்களுக்கு அது கொடுக்கப்படக் கூடாது, முன்பு வந்து போனவர்களுக்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் சுகர் டாக்டருக்கு உங்கள் கட்டி பற்றித் தெரியுமா என்று பாருங்கள். பல நேரங்களில் தெரிவதில்லை. கூட்டு மாத்திரைக்குள்ளும் இது ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

டாபாகிளிப்ளோசின் என்ற இன்னொரு சுகர் மாத்திரை மேலும் ஆரம்பத்தில் இதே சந்தேகம் வந்தது. பிறகு 17,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் அப்படி எந்த ஆபத்துக் கூடுதலும் தெரியவில்லை. ஆனால் இந்தக் குடும்ப மருந்துகளை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும் (எர்டுகிளிப்ளோசின் என்றால் நான்கு நாள்). இல்லாவிட்டால் சுகர் அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதுதான் அவற்றின் வேலை என்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரலாம்.

மெட்ஃபார்மின் சாப்பிட்டா கேன்சர் திரும்ப வராதாமே? சுகர் இல்லாட்டியும் சாப்பிடலாமா?

சுகருக்காக என்றால் சாப்பிடுங்கள், கேன்சருக்காக என்றால் வேண்டாம். மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு நோய் குறைவாகத் திரும்பியது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில மறுக்கின்றன. எல்லாமே பழைய கோப்புகளைப் புரட்டிச் செய்தவை. அந்த மருந்து மட்டும் கட்டியைக் கரைக்குமா என்று நேரடியாகச் சோதித்த ஒரு சிறிய முயற்சி பலன் தரவில்லை.

குடலைக் கொண்டு புதுப் பையோ வெளிவழியோ அமைத்தவர்களுக்கு வருடங்கள் போகப் போக வைட்டமின் பி12 குறையும். மெட்ஃபார்மினும் அதைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தவர்கள் வருடம் ஒருமுறை பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

புதுசா வந்த ஊசி சுகரை ஏத்துதுன்னு சொன்னாங்க. சுகர் இல்லாதவங்களுக்கும் ஏறுமா?

நீங்கள் சொல்வது பெரும்பாலும் என்ஃபோர்டுமாப் வெடோட்டின். பரவிய நோயில் இதையும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாபையும் சேர்த்துக் கொடுத்தபோது, பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் 31.5 மாதமாக உயர்ந்தது, பழைய கீமோவில் அது 16.1 மாதம். 2023 இல் வந்த இந்த முடிவு இந்த நோயின் சிகிச்சையையே புரட்டிப்போட்டது. அதனால் பயந்து ஒதுங்க வேண்டிய மருந்து இல்லை.

ஆனால் ஆமாம், சுகரை ஏற்றும். முன்பு சுகர் இல்லாதவர்களுக்கும் ஏறியிருக்கிறது, அரிதாக உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. பிஎம்ஐ அதிகம் உள்ளவர்களுக்கும் எச்பிஏ1சி ஏற்கெனவே அதிகம் உள்ளவர்களுக்கும் இது கூடுதல். 250க்கு மேல் போனால் ஊசியை நிறுத்தி வைப்பார்கள். எச்பிஏ1சி எட்டும் அதற்கு மேலும் உள்ளவர்களை ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை, எனவே ஆரம்பிப்பதற்கு முன்பே சுகரைக் கீழே கொண்டுவர வேண்டும். இந்த மருந்தை எடைக்கு ஏற்பக் கொடுத்தாலும், 100 கிலோவுக்கு மேல் எவ்வளவு எடை இருந்தாலும் 125 மில்லிகிராம்தான் உச்சம். கீமோ பற்றி மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு. அளவைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

எடை குறைக்கிற ஊசி போடலாமா?

செமாகுளூட்டைடு, டிர்செபடைடு போன்றவை எடையையும் சுகரையும் நன்றாகவே குறைக்கின்றன. தசைக்குள் இறங்காத நோய் வந்து, சிகிச்சை முடிந்து, கண்காணிப்பில் மட்டும் இருப்பவருக்கு, வேறு தடை இல்லாவிட்டால், சுகர் டாக்டரோடு பேசி யோசிக்கலாம். கீமோ நடுவிலோ பெரிய ஆபரேஷனை எதிர்நோக்கியோ இருப்பவருக்கு இது நேரமில்லை. பசி அடங்கி, எடையோடு தசையும் போகும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறை மயக்கம் கொடுப்பதற்கு முன்பும் சொல்லுங்கள், சின்னச் சுரண்டல் ஆபரேஷனாக இருந்தாலும். வயிறு காலியாக நேரமெடுப்பதால், உணவு மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்து உண்டு.

சிகரெட்டை விட்டதுல அஞ்சு கிலோ ஏறிடுச்சு. எது மோசம்?

சிகரெட். விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுவது வழக்கம்தான். அந்த ஐந்து கிலோவுக்காக மறுபடி பற்ற வைப்பது இந்த நோயில் செய்யக்கூடிய மிக மோசமான பேரம்.

சர்க்கரை சாப்பிட்டா கேன்சர் வளரும்னு சொல்றாங்க. முழுசா நிறுத்தணுமா?

பெட் ஸ்கேனில் கேன்சர் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுப்பது தெரியும், இந்தப் பேச்சு அங்கிருந்து வந்தது. ஆனால் நீங்கள் சர்க்கரையைத் தொடாவிட்டாலும் உடல் தேவையான குளுக்கோஸைத் தானே தயாரித்துக்கொள்ளும். உங்கள் தட்டை வைத்துக் கட்டியைப் பட்டினி போட முடியாது. சுகர் அளவுக்காகவும் எடைக்காகவும் இனிப்பைக் குறைப்பது நல்லது. கீமோவில் வாய் கசந்து எதுவும் இறங்காத நாளில், இறங்குவதைச் சாப்பிடட்டும்.

கேன்சர் டாக்டர் கட்டியைப் பத்தி மட்டும்தான் பேசறார். சுகர், பிரஷர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாமா?

குறைந்த ஆபத்துள்ள, தசைக்குள் இறங்காத கட்டி வந்தவர்களில், அந்தக் கட்டியால் இறப்பவர்களைவிட இதய நோயால் இறப்பவர்கள் அதிகம். வயது எழுபதை ஒட்டியவர்கள், பலர் பல வருடம் புகைத்தவர்கள், ஆச்சரியம் இல்லை. எனவே அப்புறம் என்று தள்ள வேண்டாம். யார் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்து, ஒரு பொது மருத்துவரிடம் எல்லாக் காகிதங்களையும் கொடுத்து வையுங்கள். கட்டியின் டாக்டருக்கு எச்பிஏ1சியும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் தெரியட்டும், சுகர் டாக்டருக்குக் கட்டியின் பயாப்ஸி தெரியட்டும்.

சிகிச்சை எல்லாம் முடிஞ்சு இப்போ தானாவே எடை குறையுது. நல்லதுதானே?

முயற்சி செய்து மெதுவாகக் குறைந்தால் நல்லது. தானாகக் குறைந்தால் சொல்லியாக வேண்டும், முக்கியமாக ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போனால். நோய் திரும்பியிருக்கலாம். சுகர் கட்டுமீறியிருக்கலாம். உள்ளே புதுப் பை வைத்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடலால் செய்த பை சிறுநீரிலிருந்து அமிலத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். பசி போகும், சோர்வு வரும், எடை இறங்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.